வி.பி.எஸ். முடிந்த 11-வது நாள்: கிறிஸ்தவக் கோடை முகாம்கள் குழந்தைகளுக்கு என்ன கொடுக்கின்றன?

பாட்டு, கதை, கைவேலை, பரிசு என்று பத்து நாள் ஓடிவிடுகிறது. இதனால் ஒரு குழந்தையின் மனஉறுதியும் விசுவாசமும் உண்மையிலேயே வளர்கின்றனவா? எப்போது வளரும், எப்போது வளராது? ஒரு விளக்கம்.

ஏப்ரல் கடைசி வாரம் வந்தால் போதும். கிழக்குத் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர், மேடவாக்கம் என்று தென்சென்னைப் புறநகர் முழுக்க தேவாலய காம்பவுண்டு சுவர்களில் கலர் கலராக பேனர்கள் முளைக்கின்றன. 'விடுமுறை வேதாகமப் பள்ளி', சுருக்கமாக வி.பி.எஸ். அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுக்களிலும் போஸ்டர் வந்து விழும். காலை ஒன்பது மணிக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டால் மதியம் வரை கவலை இல்லை என்பது பல பெற்றோரின் கணக்கு.

ஆனால் இந்த முகாம்களை நடத்துகிறவர்கள் சொல்லும் நோக்கம் அதைவிடப் பெரியது. குழந்தைகள் விசுவாசத்தில் வளர வேண்டும், கஷ்டம் வந்தால் தாங்கும் மனசு வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். பத்து நாளில் இது நடக்குமா? குழந்தைகளின் மனஉறுதி பற்றி நடந்த ஆய்வுகளை வைத்துப் பார்த்தால் பதில் 'நடக்கலாம், ஆனால் சில நிபந்தனைகளோடு'. அந்த நிபந்தனைகள் என்னவென்று பெற்றோருக்கும், லீவு போட்டு வாலன்டியராகப் போகும் இளைஞர்களுக்கும் தெரிந்திருப்பது நல்லது.

வி.பி.எஸ்.ஸில் என்னதான் நடக்கும்?

சபைக்குச் சபை மாறும். பொதுவாக ஐந்து முதல் பத்து நாள், காலை நேரத்தில் நடக்கும். வயதுவாரியாகப் பிள்ளைகளைப் பிரிப்பார்கள். முதலில் எல்லோரும் சேர்ந்து ஆக்‌ஷன் பாட்டு. பிறகு வகுப்பு வகுப்பாக ஒரு வேதாகமக் கதை, ஒரு மனன வசனம், கைவேலை, விளையாட்டு. நடுவில் பிஸ்கட்டும் ஜூஸும். ஒரு நாள் பவனி இருக்கும். கடைசி நாள் நிறைவு விழா, பரிசளிப்பு.

கத்தோலிக்கப் பங்குகளில் இதே காலத்தில் கோடைக்கால மறைக்கல்வி வகுப்புகளும் முகாம்களும் நடக்கின்றன. தாம்பரம், பல்லாவரம் பகுதிகளின் பங்குகள் 2002-ல் உருவான செங்கல்பட்டு மறைமாவட்டத்தில் அடங்குகின்றன. சி.எஸ்.ஐ. சபைகள் சென்னைத் திருமண்டலத்தின் கீழ் வருகின்றன. இவை தவிர பெந்தெகொஸ்தே சபைகள், தனிச்சபைகள் என்று இன்னும் ஏராளம்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குத் தங்கிப் படிக்கும் முகாம்களும் உண்டு. மூன்று நான்கு நாள் வீட்டை விட்டு வெளியே, போன் இல்லாமல், பத்துப் பதினைந்து பேரோடு ஒரே ஹாலில் படுக்கை. நிறையப் பிள்ளைகளுக்கு அம்மா அப்பா இல்லாமல் தூங்கும் முதல் இரவு அதுதான்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

குழந்தைகளைக் கோடையில் முகாமுக்குக் கூட்டிப்போகும் பழக்கம் அமெரிக்காவில் தொடங்கியது. 1861-ல் கனெக்டிகட் மாநிலத்தில் ஃபிரெடரிக் கன் என்ற பள்ளி ஆசிரியர் தன் மாணவர்களை இரண்டு வாரம் கடற்கரைக்கு நடத்திப்போய்க் கூடாரத்தில் தங்கவைத்தார். முதல் கோடை முகாமாகப் பலரும் இதைத்தான் குறிப்பிடுகிறார்கள். 1885-ல் ஒய்.எம்.சி.ஏ. இதைக் கையில் எடுத்தது.

இங்கிலாந்தில் இன்னொரு கிளை. 1868-ல் வேல்ஸ் நாட்டின் லாண்டட்னோ கடற்கரையில் ஜோசையா ஸ்பியர்ஸ் என்பவர், விடுமுறைக்கு வந்திருந்த குழந்தைகளோடு சேர்ந்து மணலில் எழுத்துகள் வரைந்து, சிப்பியும் கூழாங்கல்லும் வைத்து அலங்கரித்து, அதையே வேதாகமப் பாடமாக்கினார். அந்த முயற்சிதான் பிறகு ஸ்கிரிப்சர் யூனியன் என்ற அமைப்பாக வளர்ந்தது. இன்று இந்தியாவிலும் அது பிள்ளைகளுக்கு முகாம்கள் நடத்துகிறது.

வி.பி.எஸ்.ஸின் நேரடி முன்னோடி நியூயார்க்கின் குடிசைப் பகுதியில் பிறந்தது. 1898 கோடையில் ஹாவ்ஸ் என்ற பெண்மணி, தெருவில் சுற்றிக்கொண்டிருந்த ஏழைக் குழந்தைகளுக்காக ஒரு பியர் கடையை வாடகைக்கு எடுத்து வகுப்பு நடத்தினார். அதைப் பார்த்த ராபர்ட் போவில், 1901 முதல் மற்ற சபைகளுக்கும் பரப்பினார். அவர் பாடம் நடத்த அழைத்தது இறையியல் கல்லூரி மாணவர்களை. இன்று தாம்பரத்தில் காலேஜ் பிள்ளைகளும் ஐ.டி. ஊழியர்களும் 'டீச்சர்' பேட்ஜ் குத்திக்கொண்டு நிற்பது அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சி.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஆரம்பத்தில் அந்த நியூயார்க் குழந்தைகளின் தேவை, கோடையில் பாதுகாப்பாக இருக்க ஓர் இடமும், அவர்களைக் கவனிக்க ஒரு பெரியவரும்தான். பாடம் அதற்குள் வந்தது.

தாம்பரத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

தாம்பரம் கிறிஸ்தவ உலகத்துக்கு ரொம்பப் பழக்கமான பெயர். 1837-ல் பள்ளியாகத் தொடங்கிய சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, நூறு ஆண்டுகள் கழித்து 1937-ல் பாரிமுனைப் பகுதியிலிருந்து தாம்பரத்தின் 365 ஏக்கர் வளாகத்துக்கு மாறியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் சர்வதேச மிஷனரி கவுன்சிலின் உலக மாநாடு அதே வளாகத்தில் நடந்தது. 470-க்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் வந்தார்கள். உலக கிறிஸ்தவ வரலாற்று நூல்களில் '1938 தாம்பரம்' என்று தனியாகவே குறிப்பிடப்படும் நிகழ்வு அது.

இன்றைய தாம்பரம் வேறு மாதிரி. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 70 வார்டுகள் கொண்ட மாநகராட்சி உருவானது. வேலைக்காக வந்து குடியேறியவர்கள் நிறைந்த ஊர். கிறிஸ்தவக் குடும்பங்களில் கணிசமானவர்களுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம்.

முன்பெல்லாம் பரீட்சை முடிந்த மறுநாளே பிள்ளைகள் நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிவிடுவார்கள். ஆச்சி வீட்டில் ஒன்றரை மாசம். சித்தி, பெரியப்பா, மதினி, பக்கத்து வீட்டு அக்கா என்று பத்துப் பெரியவர்களின் கண்ணில் ஒரு பிள்ளை வளர்ந்தது. இப்போது அம்மா மெப்ஸில், அப்பா ஓ.எம்.ஆரில். ஆச்சியே புறநகர் ஃபிளாட்டுக்கு வந்துவிட்டார், அல்லது ஊரில் தனியாக இருக்கிறார். விடுமுறையில் பிள்ளைக்குத் துணை மொபைல்தான்.

அந்த இடைவெளியில்தான் வி.பி.எஸ். வந்து உட்காருகிறது. அப்பா அம்மா, ஸ்கூல் டீச்சர் தவிர வேறு பெரியவர்களோடு குழந்தை பழகுவதற்கு இந்தப் பகுதியில் மிஞ்சியிருக்கும் சில இடங்களில் அதுவும் ஒன்று. இது சின்ன விஷயம் இல்லை. ஏன் என்பதற்கு ஓர் ஆய்வு பதில் சொல்கிறது.

'மீண்டெழும் திறன்' என்றால் என்ன?

அடி விழாமல் இருப்பது மனஉறுதி இல்லை. அடி விழுந்த பிறகு பழையபடி எழுந்து, சாப்பிட்டு, தூங்கி, விளையாடி, படிக்க முடிவதுதான். உளவியலில் இதை மீண்டெழும் திறன் என்கிறார்கள்.

இதைப் பற்றிய மிகப் பிரபலமான ஆய்வு ஹவாயின் காவாய் தீவில் நடந்தது. 1955-ல் அங்கே பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் ஆகிய ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் சுமார் 200 பேர் கடும் நெருக்கடியில் வளர்ந்தவர்கள். வறுமை, குடி, வீட்டுச் சண்டை, பெற்றோரின் மனநோய் எனப் பல சிக்கல்கள் ஒன்றாக இருந்தன. ஆனால் அந்தக் குழுவிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தன்னம்பிக்கையும் பொறுப்பும் உள்ள பெரியவர்களாக வளர்ந்தார்கள்.

எது காப்பாற்றியது? பல காரணங்களில் சில திரும்பத் திரும்ப வந்தன.

• பெற்றோர் முடியாமல் போனாலும், தன்னை அக்கறையோடு கவனித்த குறைந்தபட்சம் ஒரு பெரியவர். தாத்தா பாட்டி, ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர், இளைஞர் குழுத் தலைவர், தேவாலயப் பெரியவர் என யாராகவும் இருக்கலாம்.

• தன்னால் பிறருக்கு உபயோகம் இருக்கிறது என்று உணரவைத்த ஒரு பொறுப்பு.

• வாழ்க்கைக்கு அர்த்தம் இருக்கிறது என்ற நம்பிக்கை. பலருக்கு அது மத நம்பிக்கையின் வழியாக வந்தது.

2001-ல் ஆய்வாளர் ஆன் மாஸ்டன் இந்த விஷயத்துக்குக் கொடுத்த பெயர் 'சாதாரண மாயம்'. மீண்டெழுவது அபூர்வப் பிள்ளைகளின் விசேஷ குணம் இல்லை. பாசமான உறவு, உருப்படியாக ஒன்றைச் செய்துமுடித்த அனுபவம், சேர்ந்திருக்க ஒரு கூட்டம் ஆகிய சாதாரண விஷயங்கள் சரியாக இருந்தால் பெரும்பாலான குழந்தைகள் எழுந்துவிடுகிறார்கள் என்பது அவர் சொன்னதன் சாரம்.

முகாமில் அது எங்கே நடக்கிறது?

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வி.பி.எஸ்.ஸைப் பார்த்தால் மேடையும் லைட்டும் முக்கியமில்லாமல் போகின்றன. முக்கியமான இடங்கள் வேறு.

முதலாவது, வகுப்பு ஆசிரியர். எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு அக்கா அல்லது அண்ணா இருந்தால், மூன்றாம் நாளே யார் பேசாமல் இருக்கிறார்கள், யார் டிபன் கொண்டுவரவில்லை என்று தெரிந்துவிடும். நாற்பது பேருக்கு ஒருவர் என்றால் அது கூட்டத்தைச் சமாளிக்கும் வேலை மட்டும்தான்.

இரண்டாவது, சின்னத் தோல்விகள். மனன வசனம் சொல்ல மேடையேறி பாதியில் மறந்துபோவது, விளையாட்டில் முதலிலேயே அவுட் ஆவது, கைவேலை கிழிந்துபோவது. குழந்தைக்கு இவை பெரிய விஷயங்கள். அந்த நேரத்தில் "பரவாயில்ல, ரெண்டு வார்த்த எடுத்துக் கொடுக்கிறேன், நீ சொல்லு" என்று ஒருவர் பக்கத்தில் நின்றால், தோற்றாலும் அசிங்கமில்லை என்பதைக் குழந்தையின் உடம்பே கற்றுக்கொள்கிறது. தானே செய்து ஜெயித்த அனுபவம்தான் தன்மேல் நம்பிக்கையை வளர்ப்பதில் பலமானது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பந்துரா 1977-லேயே எழுதினார்.

மூன்றாவது, பொறுப்பு. போன வருஷம் பாடிய பிள்ளை இந்த வருஷம் சின்னவர்களுக்கு ஆக்‌ஷன் சொல்லிக்கொடுக்கிறாள். தண்ணீர் டம்ளர் அடுக்குவது ஒருவன் வேலை. காவாய் ஆய்வு சொன்ன 'உபயோகம்' இதுதான். பார்வையாளனாகவே உட்கார்ந்து பரிசு வாங்கிப் போகும் குழந்தைக்கு இது கிடைக்காது.

நான்காவது, வீட்டுக்கு வெளியே ஓர் இரவு. தங்கும் முகாமில் முதல் ராத்திரி அழுத பிள்ளை இரண்டாம் ராத்திரி பக்கத்துப் படுக்கைப் பையனைச் சமாதானப்படுத்துவான். அழுதால் உடனே கூட்டிப்போகவும் கூடாது, 'அழாதே' என்று அடக்கவும் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதுதான் அனுபவமுள்ள முகாம் பொறுப்பாளர்களின் வழி.

சரி, இதில் விசுவாசம் என்ன செய்கிறது?

இதெல்லாம் கிரிக்கெட் கோச்சிங் கேம்ப்பிலும் நடக்கலாமே என்று கேட்கலாம். நடக்கலாம். விசுவாசம் சேரும்போது இன்னொரு விஷயம் கிடைக்கிறது: துன்பத்தைப் பற்றிப் பேச ஒரு மொழி.

வேதாகமக் கதைகளில் பாதி, விழுந்து எழுந்தவர்களின் கதைகள்தான். அண்ணன்களே குழியில் தள்ளிய யோசேப்பு, வெளிநாட்டில் விதவையாகப் பிழைத்த ரூத், பயந்து ஓடிய யோனா. 150 சங்கீதங்களில் புலம்பல்கள் ஒரு பெரும் பகுதி. 'ஏன் என்னைக் கைவிட்டீர்' என்று கடவுளிடமே கேட்கலாம் என்ற அனுமதி அந்த மரபுக்குள் இருக்கிறது. இது ஒரு பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியவருவது பெரிய விஷயம்.

உதாரணத்துக்கு எலியாவின் கதை. 1 இராஜாக்கள் 19-ம் அதிகாரத்தில் அந்தப் பெரிய தீர்க்கதரிசி பயந்து ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து 'இனி வாழ வேண்டாம்' என்கிற மனநிலைக்குப் போகிறார். அங்கே அவருக்கு முதலில் கிடைப்பது அறிவுரை இல்லை. தூக்கம், ஓர் அடை, கொஞ்சம் தண்ணீர். மறுபடியும் தூக்கம், மறுபடியும் சாப்பாடு. பேச்சு அதற்கப்புறம்தான். மனஉளைச்சலில் இருக்கும் ஒருவருக்கு முதலில் என்ன செய்ய வேண்டும் என்று இன்றைய ஆலோசகர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதே வரிசைதான்.

ஆனால் மத நம்பிக்கை எப்போதும் மருந்தாக இருப்பதில்லை. இதை நீண்டகாலம் ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்ட். கஷ்டத்தில் மனிதர்கள் நம்பிக்கையை இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறார்கள் என்கிறார். 'கடவுள் என்கூட இருக்கார்' என்பது ஒரு வகை. 'கடவுள் என்னைத் தண்டிக்கிறார், கைவிட்டுட்டார்' என்பது இன்னொரு வகை. முதல் வகை பொதுவாக மனநலத்துக்கு உதவுகிறது. இரண்டாவது வகை மனஅழுத்தத்தை அதிகமாக்குவதோடு தொடர்புடையது.

ஆக, முகாமில் குழந்தை எத்தனை வசனம் மனப்பாடம் செய்தது என்பதைவிட, எந்தக் கடவுளை மனசில் வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறது என்பதுதான் கேள்வி.

ரிசல்ட் காலத்தில் இது ஏன் முக்கியம்?

தமிழ்நாட்டில் வி.பி.எஸ். சீசனும் பொதுத்தேர்வு ரிசல்ட் சீசனும் ஒன்றோடொன்று ஒட்டியே வருகின்றன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் மட்டும் நாடு முழுவதும் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். காரணங்கள் பல. தேர்வுத் தோல்வி அவற்றில் ஒன்று.

இந்தச் சூழலில் "நல்லா ஜெபம் பண்ணு, நிச்சயம் பாஸாக்குவார்" என்று ஒரு மேடையில் சொல்லப்படும் வாக்கியம் ஆபத்தானது. மார்க் குறைந்தால் அந்தப் பிள்ளைக்கு ஒரே நாளில் இரண்டு தோல்வி. பரீட்சையிலும் தோற்றாச்சு, கடவுளும் கேட்கவில்லை. விசுவாசம் குறைவாக இருந்ததால்தான் இப்படி ஆனது என்று தன்னையே குற்றம் சொல்லிக்கொள்ளத் தொடங்கும்.

அதேபோல "விசுவாசி பயப்படக் கூடாது" என்பதும். பயத்தை அது நீக்காது, மறைக்கத்தான் கற்றுக்கொடுக்கும். கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே கலங்கியதாகத்தான் சுவிசேஷங்கள் சொல்கின்றன. அதோடு நிற்காமல், நண்பர்களிடம் 'என்னோடு விழித்திருங்கள்' என்று உதவியும் கேட்டார். பயமாக இருந்தால் வெளியே சொல்லலாம், துணை கேட்கலாம் என்பதற்குக் கிறிஸ்தவ மரபுக்குள்ளேயே இதைவிடப் பெரிய உதாரணம் தேவையில்லை.

இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குப் பயம் புதிதும் இல்லை. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகளுக்குள் அடையாற்று வெள்ளம் புகுந்தது. அன்று மொட்டைமாடியில் படகுக்காகக் காத்திருந்த குழந்தைகள் இன்று காலேஜ் போகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள். இப்போதும் ஒவ்வொரு நவம்பரிலும் மழை வலுத்தால் அந்தத் தெருக்களில் கார்கள் மேட்டுப் பகுதிக்கு நகர்கின்றன. இந்த ஊரில் நோவாவின் கதையைச் சொல்லிக்கொடுப்பவர், தன் முன்னால் உட்கார்ந்திருப்பது யார் என்று தெரிந்து சொல்ல வேண்டும்.

எங்கெல்லாம் சறுக்கலாம்?

டீம் போட்டி: பல முகாம்களில் பிள்ளைகளைச் சிவப்பு, நீலம் என்று பிரித்து பாயின்ட் போடுவார்கள். உற்சாகத்துக்கு நல்லதுதான். ஆனால் அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 1954-ல் ஒக்லஹோமாவில் ராபர்ஸ் கேவ் பூங்காவில் முசாஃபர் ஷெரிஃப் நடத்திய ஆய்வு உதாரணம். சுமார் 11 வயதுள்ள 22 பையன்கள், இரண்டு அணிகள், பரிசுக்கான போட்டிகள். சில நாள்களிலேயே கொடியை எரிப்பது, எதிரணி அறைக்குள் புகுந்து கலைப்பது வரை போனது. ஆய்வாளர்களே மோதலைத் தூண்டிவிட்டார்கள் என்ற விமர்சனமும் அந்த ஆய்வுமேல் உண்டு. ஆனால் கடைசியில் நடந்தது கவனிக்கத்தக்கது. தண்ணீர் சப்ளை நின்றுபோக, இரண்டு அணியும் சேர்ந்து சரிசெய்ய வேண்டிய வேலை வந்தபோது பகை குறைந்தது. பாயின்ட்டோடு சேர்த்து, எல்லா அணியும் கூடிச் செய்தால்தான் முடியும் என்கிற ஒரு வேலையையும் வைப்பது நல்லது.

பயமுறுத்தல்: நரகக் காட்சிகள், எல்லோர் முன்னாலும் பாவ அறிக்கை, அழவைக்கும் கடைசி நாள் கூட்டம். அந்த நேரத்தில் கை தூக்கும் எண்ணிக்கை கூடலாம். ஆனால் நம்பிக்கையின் வளர்ச்சியைப் பற்றி 1981-ல் நூல் எழுதிய ஜேம்ஸ் ஃபௌலர் சொல்வதுபோல, பள்ளி வயதுக் குழந்தைகள் கதைகளை அப்படியே நேரடிப் பொருளில் எடுத்துக்கொள்கிறவர்கள். பெரியவருக்கு உருவகமாகப் படுவது குழந்தைக்கு ராத்திரிக் கனவு.

வேறு மதப் பிள்ளைகள்: பக்கத்து ஃபிளாட் நண்பனோடு வரும் இந்து, முஸ்லிம் குழந்தைகள் பல வி.பி.எஸ்.களில் இருப்பார்கள். பிற மதத்தவரோடு கிறிஸ்தவர்கள் எப்படி உறவு வைக்க வேண்டும் என்ற கேள்விதான் 1938 தாம்பரம் மாநாட்டிலும் பெரிய விவாதமாக இருந்தது. குழந்தைகள் விஷயத்தில் நேர்மை எளிதானது. இங்கே வேதாகமப் பாடம் உண்டு என்று பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்வது, சம்மதம் வாங்குவது, அந்தப் பிள்ளையின் வீட்டு நம்பிக்கையைக் கிண்டல் செய்யாமல் இருப்பது. வீட்டுக்கும் முகாமுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் பிள்ளைக்கு மனஉறுதி வளராது, ரகசியம்தான் வளரும்.

பாதுகாப்புக்குச் சட்டம் என்ன சொல்கிறது?

2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள அனைவருக்கும் பொருந்தும். தேவாலய முகாமுக்கு விதிவிலக்கு கிடையாது. கல்வி அல்லது மத நிறுவனத்தின் நிர்வாகத்திலோ பணியிலோ இருப்பவர் அங்குள்ள குழந்தையிடம் குற்றம் செய்தால் தண்டனை கூடுதல். குற்றம் நடந்தது தெரிந்தும் போலீஸில் சொல்லாமல் மறைப்பதும் தண்டனைக்குரியது. 'சபைக்குள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்' என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

கத்திரி வெயிலையும் மறக்கக் கூடாது. மே மாத மதியத்தில் பவனி என்பது பிள்ளைகளின் உடம்புக்கு ஆபத்து. காலை எட்டு மணிக்குள் முடித்துவிடலாம்.

சேர்ப்பதற்கு முன் பெற்றோர் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

1. ஒரு ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள்?

2. வாலன்டியர்களை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? அவர்களுக்குக் குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி உண்டா?

3. எந்தப் பெரியவரும் எந்தக் குழந்தையோடும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது என்ற விதி இருக்கிறதா?

4. தங்கும் முகாம் என்றால் இரவில் யார் பொறுப்பு? பெண் பிள்ளைகளுக்குப் பெண் பொறுப்பாளர்கள் இருக்கிறார்களா? குழந்தை நினைத்தால் வீட்டுக்கு போன் பண்ண முடியுமா?

5. அழுகிற, பயப்படுகிற, கூட்டத்தில் சேராத பிள்ளையை என்ன செய்வீர்கள்?

6. பாடத் திட்டத்தைப் பார்க்கலாமா?

7. முகாம் முடிந்த பிறகு தொடர்பு உண்டா?

தயக்கம் இல்லாமல் பதில் சொல்லும் முகாமுக்கு நம்பி அனுப்பலாம். கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் இருக்காது.

11-வது நாள்

பத்து நாள் உற்சாகம் பத்து நாளில் அடங்கிவிடும். அது இயல்பு. காவாய் தீவில் குழந்தைகளைத் தாங்கிய பெரியவர்கள் பத்து நாள் வந்துபோனவர்கள் இல்லை. வருஷக்கணக்கில் அங்கேயே இருந்தவர்கள். எனவே ஒரு கோடை முகாமின் உண்மையான பலன், அது எந்த உறவைத் தொடங்கிவைத்தது, அந்த உறவு ஜூன் மாதத்திலும் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

இந்த இடத்தில் தேவாலயங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. கிரிக்கெட் கேம்ப் முடிந்தால் கோச்சைப் பார்க்க முடியாது. ஞாயிறு பள்ளி வாரா வாரம் இருக்கிறது. வி.பி.எஸ். ஆசிரியரே ஞாயிறு பள்ளியிலும் அதே எட்டுப் பிள்ளைகளைப் பார்த்தால், மே மாதம் தொடங்கியது வருஷம் முழுக்கத் தொடரும். சபைக்கு வராத பிள்ளைகளாக இருந்தால், பெற்றோரின் சம்மதத்தோடு, அவர்கள் வழியாகவே மாதம் ஒருமுறை ஒரு விசாரிப்பு போதும்.

இந்த மே மாதம் வாலன்டியராகப் போகிறவர்கள் ஸ்லைடும் டான்ஸும் தயார் செய்வதில் செலவழிக்கும் நேரத்தில் ஒரு பங்கை வேறு சில வேலைகளுக்கு ஒதுக்கலாம்:

• முதல் நாளிலேயே உங்கள் வகுப்பின் எல்லாப் பெயர்களையும் கற்றுக்கொள்ளுங்கள்.

• தினமும் ஒரு பிள்ளையிடமாவது ஐந்து நிமிஷம், எல்லோரும் பார்க்கும் இடத்தில் உட்கார்ந்து, அது சொல்வதைக் கேளுங்கள்.

• ஒரு பிள்ளை வீட்டுக் கஷ்டத்தைச் சொன்னால் உடனே வசனம் சொல்ல வேண்டாம். முதலில் "சாப்பிட்டியா?" என்று கேட்கலாம்.

• அடி, தொடுதல், மிரட்டல் பற்றிச் சொன்னால் 'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பொறுப்பாளரிடமும் காவல் துறையிடமும் சொல்லும் கடமை உங்களுக்கு உண்டு.

• ரிசல்ட் வரும் நாளை காலண்டரில் குறித்து வையுங்கள். அன்று உங்கள் பழைய வி.பி.எஸ். பிள்ளைகளின் வீட்டுக்கு ஒரு போன் பண்ணுங்கள். மார்க்கைக் கேட்காமல் பிள்ளையை விசாரியுங்கள்.

உதவிக்கு: குழந்தைகளுக்கான ஆபத்து உதவி எண் 1098. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி எண் 104.